அரக்கர்களுக்கு ஒரு மொழி

கோரமங்களாவில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி.
விளையாட்டில் வரும் அரக்கர்களுக்கு
மொழி வேண்டும் என்றான் நிஷீத்.
மூன்று வாரம், நூற்று நாற்பது சொற்கள்.
எக்செல் தாளில் எண் போட்டு அனுப்பியிருந்தான்:
கொல். எரி. மண்டியிடு. அரண். தங்கம்.
நன்றி இல்லை. பசி இல்லை.

"கேட்டாலே நடுங்க வேண்டும்.
தொண்டையில் கல் உருள வேண்டும்.
நீ உன் அக்காவோடு போனில் பேசுவாயே,
அந்த மாதிரி."

அன்று அக்கா சொன்னது,
குழந்தைக்குக் கீழ்வரிசையில்
ரெண்டு பல் முளைத்துவிட்டது என்று.
நான் கேட்டது, கடிக்கிறாளா என்று.

இரவு பேகூர் சாலை அறைக்கு வந்து
முதல் விதி எழுதினேன்:
இம்மொழியில் வல்லினம் கிடையாது.
க ச ட த ப ற,
ஆறு பேரும் வாசலிலேயே
செருப்பு மாதிரிக் கிடக்கட்டும்.
மூச்சை முழுதாய் நிறுத்தி அறையும் ஒலி
அரக்கர் வாயில் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் விதி:
ர, ல சொல்லின் முதலில் வரலாம்.
ரயிலுக்கும் லாரிக்கும் முன்னால்
ஓர் இகரத்தை நடக்கவிட்டு
வழி கேட்க வேண்டியதில்லை.

மூன்று முதல் எட்டு வரை
அடித்து அடித்து எழுதியவை, இங்கே வேண்டாம்.

ஒன்பதாம் விதி:
லகரம் எந்த ஒலியின் முன்னும் மாறாது.
இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம்.
கல்லும் மண்ணும் சேர்ந்தாலும்
கல் கல்லாகவே இருக்கிற ஒரு மொழி
எங்காவது இருக்கட்டும் என்று.

சில்க் போர்டு சிக்னலில்
ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.
கொல்: மெயூ. எரி: வாரெ.
மண்டியிடு: நோயிலம்.
பக்கத்து ஆட்டோக்காரர்
புளூடூத் என்று நினைத்திருப்பார்.

நிஷீத் கேட்டான்.
"இது தாலாட்டு."
பிறகு ஒலிக்காரர் குரலை இரண்டு கட்டை இறக்கி
அடியில் ஒரு முரசை ஓடவிட்டதும்
அவனுக்கே கை மயிர் சிலிர்த்தது.
எதையும் பயங்கரமாக்க
அவ்வளவுதான் வேண்டியிருக்கிறது.

குரல் கொடுத்தது ராச்சப்பா,
சாமராஜப்பேட்டை நாடகக்காரர்.
கடைசி நாள், கடைசி வரி:
அரக்கன் சாகும்போது சொல்வது.
தாளில் 'சாபம்' என்று மட்டும் இருந்தது,
சொல் இல்லை.
என்ன சொல்லட்டும் என்றார்.
நூற்று நாற்பத்தோராவது சொல்லை
அப்போதுதான் உண்டாக்கினேன்:
யொலூனெ.
அர்த்தம் கேட்டார்.
தண்ணீர் என்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நெடுநேரம் குனிந்து நின்றார்.
பிறகு பன்னிரண்டு முறை செத்தார்,
ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி.

பணம் இரண்டு தவணையாக வந்தது.
இரண்டாவதற்கு நான்கு முறை நினைவூட்டினேன்.

ஏப்ரலில் லாரித் தண்ணீர் நின்றுபோனது.
லிஃப்டும் ஓடவில்லை.
இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து
படியேறிக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
ஒடியாக்காரர் வீட்டு லிபுன்
தன் தம்பியைத் துடைப்பக்குச்சியால் குத்தினான்.
தம்பி நெஞ்சைப் பிடித்து
சுவரோடு சரிந்து
கண்ணை மூடுவதற்கு முன் சொன்னான்:
யொன்னெ.

நின்றுவிட்டேன்.
"அது யொலூனெ" என்றேன்.
லிபுன் என்னைப் பாவமாய்ப் பார்த்தான்.
"இல்லை அங்கிள், யொன்னெ.
எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்."

ஊகாரம் கெட்டு
லகரம் னகரமாய்த் திரிந்திருந்தது.
அந்த விதியை நான் எழுதவில்லை.
ஒன்பதாம் விதிக்கு நேர் விரோதம்.

கேனின் குளிர் சட்டைக்குள் இறங்கியது.
செத்தவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து
நான் போய்விட்டேனா என்று பார்த்தான்.